பிடி பயிரும் நான் வளர்த்த புழுக்களும்

சிங்கப்பூரில் ஒரு தாவர ஆய்வுக்கூடத்தில் பல வருடம் டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். புழு வளர்ப்பதுதான் என் முக்கிய வேலை. பூச்சியைத் தாங்கும் பயிரை உருவாக்கும் ஆராய்ச்சி என்றதும் எல்லோருக்கும் மரபணுவும் பெரிய பெரிய கருவிகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் மரபணு வைத்த செடி நிஜமாகவே பூச்சியைத் தாங்குகிறதா என்பதைக் கடைசியில் ஒரு புழுதான் சொல்ல வேண்டும். அது நல்ல பசியோடும் ஆரோக்கியத்தோடும் இருந்தால்தான் அது சொல்வதை நம்ப முடியும். நாற்று வளர்ப்பது, அந்துப்பூச்சிக்குப் பஞ்சில் தேன் தண்ணீர் நனைத்து வைப்பது, முட்டை எடுப்பது, பொரித்த குஞ்சுப் புழுக்களைப் பிரித்து வைப்பது என்று என் நாள் போகும்.

இப்போது அந்த வேலையில் இல்லை. எங்கள் புளோக் பக்கத்தில் இருக்கும் சமூகத் தோட்டத்தில் கத்தரி, வெண்டை, கைலான் என்ற சீனக் கீரை என்று கொஞ்சம் பயிர் செய்கிறேன். ஊரில், பெரம்பலூர் பக்கம், சித்தப்பா குடும்பம் இன்னும் மானாவாரியில் பருத்தி போடுகிறது. ஆய்வுக்கூடம், தோட்டம், பருத்திக் காடு என மூன்று இடத்திலும் பூச்சியோடு பழகிய பிறகு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. செடிக்குள் வைக்கும் மரபணு ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் செய்யும், அதுவும் நாம் சுற்றிலும் செய்ய வேண்டியதைச் செய்தால் மட்டுமே நீண்ட நாள் செய்யும். இப்படிப் பூச்சியைத் தாங்க மரபணு வைத்த பிடி பயிரைப் பற்றிப் பேசும்போது ஒரு பக்கம் விஷச் செடி என்கிறார்கள், இன்னொரு பக்கம் இனி மருந்தே வேண்டாம் என்கிறார்கள். இரண்டு பேச்சுமே விவசாயிக்கு உதவவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிடி என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் சுருக்கம். 1901-ல் ஜப்பானில் இஷிவாட்டா என்பவர் செத்துப்போன பட்டுப்புழுக்களில் இதைக் கண்டார். 1911-ல் ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியில் எர்ன்ஸ்ட் பெர்லினர் மாவு அந்துப்பூச்சியின் புழுவிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். பெயரும் அங்கிருந்துதான் வந்தது. 1938-லேயே பிரான்சில் இதைப் பூச்சிக்கொல்லியாக விற்றார்கள். ஆக, மரபணு மாற்றம் என்ற பேச்சே இல்லாத காலத்திலிருந்து விவசாயிகள் இந்த பாக்டீரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து வந்திருக்கிறார்கள். இயற்கை விவசாயத்திலும் அதற்கு அனுமதி உண்டு.

பாக்டீரியா தனக்குள் ஒரு புரதப் படிகத்தை உருவாக்குகிறது. இலையோடு சேர்த்து அதைத் தின்னும் புழுவின் குடல் நல்ல காரத்தன்மை உடையது. படிகம் அதில் கரைகிறது. குடலில் உள்ள நொதிகள் அதை வெட்டிச் சுறுசுறுப்பாக்குகின்றன. பிறகு அந்தப் புரதம் குடல் சுவரில் தனக்குப் பொருந்தும் ஏற்பியை, அதாவது சாவிக்குப் பூட்டு மாதிரியான இடத்தை, தேடிப் பிடித்து, ஓட்டை போடுகிறது. புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்திவிடும், இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். நம் வயிறு அமிலம். அந்தப் புரதம் பிடித்துக்கொள்ளும் ஏற்பியும் நம் குடலில் கிடையாது. நம்மைப் பொறுத்தவரை மற்றப் புரதங்களைப் போல அதுவும் செரித்துப் போகும்.

அந்த ஏற்பி எவ்வளவு முக்கியம் என்பதைத் தோட்டத்தில் ஒரு நாள் எல்லோருமே பார்த்தோம். பக்கத்துப் பாத்தி வைத்திருக்கும் சீன அங்கிள் ஒருவர், கைலான் இலையெல்லாம் சல்லடையாகிப் போன கவலையில் இருந்தார். கொசு ஒழிப்புக்காகக் கூரைத் தண்ணீர்க் கால்வாயில் போடச் சொல்லித் தேசியச் சுற்றுப்புற வாரியம் அறிவுறுத்தும் பிடிஐ மருந்து அவரிடம் இருந்தது. பிடி என்ற பெயரைப் பார்த்துவிட்டு அதையே கரைத்துக் கைலானில் தெளித்துவிட்டார். புழுக்கள் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தன. இதுவும் பிடிதானே, ஏன் வேலை செய்யவில்லை என்று என்னிடம் வந்தார்.

அவர் கேட்டது நல்ல கேள்வி. பிடிஐ என்பது 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டுபிடித்த ரகம். அதில் உள்ள புரதங்கள் கொசு, கருப்பு ஈ போன்ற ஈ இனப் பூச்சிகளின் குடலில் மட்டும் பிடிக்கும். அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு குர்ஸ்டாக்கி, ஐசாவாய் என்று வேறு ரகங்கள் இருக்கின்றன. ஒரே பாக்டீரியா குடும்பம், ஒரு எழுத்து வித்தியாசம், ஆனால் ஆள் மாறிப்போனால் மருந்து வெறும் தண்ணீர். சரியான ரகம் வாங்கித் தெளித்த பிறகு அவருடைய கைலான் தேறியது. பூச்சி மேலாண்மையில் நான் கற்ற முதல் பாடமும் இதுதான்: மருந்தையோ விதையையோ தேடுவதற்கு முன்னால், தின்பது யார் என்று இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். புழுவா, அசுவினியா, வெள்ளை ஈயா, இலைப்பேனா? சாறு உறிஞ்சும் பூச்சிகளை இந்தியாவில் விற்கும் பிடி பருத்தியில் இருக்கும் மரபணு ஒன்றும் செய்யாது.

தெளிக்கும் பிடிக்கு இரண்டு பெரிய குறை உண்டு. வெயில் பட்டால் சில நாளில் சிதைந்துவிடும், மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இந்த ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. அதனால் மாலையில், மழை வராது என்று தெரியும் நாளில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிப்போம். புழு சிறிதாக இருக்கும்போதே தெளித்தால்தான் பலன். விரல் நீளம் வளர்ந்த புழுவைக் கையால் எடுத்துப் போடுவதே மேல். அதே மருந்தை வாரா வாரம் வருடம் முழுக்க அடிப்பதும் ஆபத்து. கைலான், முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சிதான் வயலிலேயே பிடிக்குத் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொண்ட முதல் பூச்சி. ஹவாயில் விடாமல் தெளித்த வயல்களிலிருந்து பிடித்த பூச்சிகளில் அந்த எதிர்ப்பு இருப்பதை 1990-ல் வெளியிட்டார்கள். மரபணு மாற்றிய பயிர் கடைக்கு வருவதற்கு முன்பே நடந்தது இது.

இன்னொரு குறை, புழு செடிக்குள்ளே புகுந்துவிட்டால் தெளிப்பு அதைத் தொடாது. கத்தரியின் தண்டுப்புழு, பருத்தியின் காய்ப்புழு, நெல்லின் குருத்துப்பூச்சி எல்லாம் இப்படி ஒளிந்து தின்பவை. செடியே அந்தப் புரதத்தைத் தன் இலையிலும் காயிலும் உருவாக்கிக்கொண்டால் என்ன என்ற யோசனை இங்கிருந்துதான் பிறந்தது.

மரபணுவைச் செடிக்குள் கொண்டுபோகும் வேலையையும் ஒரு பாக்டீரியாதான் செய்கிறது. அக்ரோபாக்டீரியம் என்பது மண்ணில் வாழ்வது. செடியின் காயத்துக்குள் புகுந்து, தன்னுடைய டிஎன்ஏ துண்டு ஒன்றைச் செடியின் டிஎன்ஏவோடு சேர்த்து, தண்டில் கட்டி வர வைக்கும். அந்தக் கட்டி வர வைக்கும் மரபணுக்களை எடுத்துவிட்டு நமக்கு வேண்டியதை வைத்தால், அதையும் அது அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். 1987-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் மார்க் வான் மாண்டகு, ஜெஃப் ஷெல் ஆகியோர் தொடங்கிய நிறுவனத்தில் பிடி மரபணு வைத்த புகையிலைச் செடியை உருவாக்கி, அது புழுவைத் தாங்குவதைக் காட்டினார்கள். வான் மாண்டகுவுக்கு 2013-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

தொடக்கத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பாக்டீரியாவின் மரபணுவை அப்படியே வைத்தபோது செடி அந்தப் புரதத்தை மிகக் கொஞ்சமாகத்தான் உருவாக்கியது. பாக்டீரியா எழுதும் எழுத்து முறை செடிக்குச் சரியாகப் படிக்க வரவில்லை, பாதியிலேயே நிறுத்திவிடும். 1990 வாக்கில் அதே புரதத்தைத் தரும் மரபணுவைச் செடி படிக்கும் பாணியில் மாற்றி எழுதிய பிறகுதான் அளவு பல மடங்கு உயர்ந்தது. அதற்குப் பிறகே 1996-ல் அமெரிக்காவில் பிடி பருத்தியும் பிடி மக்காச்சோளமும் வயலுக்கு வந்தன.

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் நாற்றின் துண்டுகளை பாக்டீரியாக் கரைசலில் நனைத்து, ஊட்டம் கலந்த ஜெல்லில் வைப்போம். ஜெல்லில் ஒரு நுண்ணுயிர்க்கொல்லி இருக்கும். மரபணு ஏறாத துண்டுகள் வெளுத்துப் போகும், ஏறிய இடத்திலிருந்து பச்சைத் தளிர் வரும். ஒவ்வொரு தளிரிலும் மரபணு வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதனால் ஒன்று நிறையப் புரதம் உருவாக்கும், இன்னொன்று பெயருக்கு உருவாக்கும், சிலது ஒன்றுமே செய்யாது. வேலைக்குப் புதிதாக வரும் மாணவர்கள் மரபணு இருக்கிறதா என்று காட்டும் பிசிஆர் சோதனையில் கோடு தெரிந்ததும் சந்தோஷத்தில் குதிப்பார்கள். மரபணு இருக்கிறது என்பது ஒன்று, அது போதுமான அளவு வேலை செய்கிறது என்பது வேறு. கொஞ்சம் பொறுங்கள் தம்பி, புழு என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம் என்பேன்.

அந்தச் சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வயலிலும் இதே கண்தான் வேண்டும். கண்ணாடித் தட்டில் ஈரமான வடிதாள் விரித்து, அதன் மேல் வட்டமாக வெட்டிய இலைத்துண்டு ஒன்றை வைப்போம். ஈரம் கூடினால் பூஞ்சை பிடிக்கும், குறைந்தால் இலை சுருங்கிவிடும். பொரித்து ஓரிரு நாளே ஆன வைரமுதுகுப் புழுக்களை மெல்லிய ஒட்டக முடித் தூரிகையால் ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க வேண்டும். இளம்பச்சை நூல் துணுக்கு மாதிரி இருக்கும். கொஞ்சம் அழுத்தித் தொட்டாலே பின்பக்கமாகத் துள்ளி, வாயிலிருந்து விடும் பட்டு நூலில் தொங்க ஆரம்பித்துவிடும். அந்த நூலையே தூரிகையில் சுற்றி, புழுவுக்கு அடிபடாமல் இலையில் இறக்கக் கை பழக வேண்டும்.

மறுநாள் திறந்தால் சாதாரணச் செடியின் இலையில் ஜன்னல் ஜன்னலாக இருக்கும். புழு அடிப்பக்கத்துப் பச்சையையெல்லாம் சுரண்டித் தின்று, மேல் தோலை மட்டும் மெல்லிய கண்ணாடி மாதிரி விட்டுவைத்திருக்கும், கரும்பச்சை எச்சம் சிதறிக் கிடக்கும். நல்ல பிடி செடியின் இலையில் ஊசியால் குத்தியது போல ஒன்றிரண்டு புள்ளி மட்டும். புழு உயிரோடு இருக்கும், ஆனால் நகராது, வளர்ந்திருக்காது, எச்சமும் கிடக்காது. எத்தனை செத்தது என்று மட்டும் எண்ணுபவர்கள் இந்த வித்தியாசத்தை முதல் நாளில் தவறவிடுவார்கள். எவ்வளவு தின்றிருக்கிறது, எவ்வளவு எச்சம் போட்டிருக்கிறது என்று பார்ப்பவர்களுக்கு அன்றைக்கே விடை தெரிந்துவிடும். அதோடு, ஒப்பிடுவதற்காக வைத்த சாதாரண இலையிலேயே புழுக்கள் செத்துக் கிடந்தால், பக்கத்தில் உள்ள பிடி இலை எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அந்தச் சோதனை செல்லாது. மருந்துக் கடைக்காரர் பேச்சையோ விதைக் கம்பெனி விளம்பரத்தையோ கேட்கும் விவசாயிக்கும் இதைத்தான் சொல்வேன்: மருந்து அடிக்காத ஒரு வரிசைச் செடி பக்கத்தில் இல்லாமல், எது பலன் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இளம் இலையையும் முற்றிய இலையையும் தனித்தனியாகச் சோதிப்பதும் கட்டாயம். ஒரே செடியில் புரதத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறும், வயது ஏற ஏறக் குறையும். இந்தியாவின் பிடி பருத்தி ரகங்களை நாக்பூரில் உள்ள மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்தினர் அளந்து 2005-ல் வெளியிட்ட முடிவும் அதுதான். இலையில் அதிகம், பூவின் சூலகத்திலும் காயின் தோலிலும் மிகக் குறைவு. புழுவுக்குப் பிடித்த இடத்தில்தான் பாதுகாப்பு குறைவு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஊர்க் கதைக்கு வரும்போது தேவைப்படும்.

சிங்கப்பூரில் இந்த ஆராய்ச்சி எல்லாம் மூடிய அறைக்குள்ளும் பூட்டிய பசுமைக்குடிலுக்குள்ளும்தான். இலைக் குப்பை, மண், புழு எதுவும் நீராவியில் வெந்து செத்த பிறகே வெளியே போகும். 1999-ல் அமைத்த மரபணு மாற்ற ஆலோசனைக் குழுவின் வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. இங்கே மரபணு மாற்றிய பயிர் எதுவும் வணிகத்துக்காக விளைவிக்கப்படுவதில்லை. ஆனால் நாம் சாப்பிடுவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. மரபணு மாற்றிய பயிரிலிருந்து வரும் உணவு சிங்கப்பூர் உணவு அமைப்பின் பாதுகாப்பு மதிப்பீட்டைத் தாண்டித்தான் கடைக்கு வர வேண்டும். லேபிளில் தனியாக எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுதினால் நல்லது என்பது என் கருத்து. மறைக்க ஒன்றும் இல்லாதபோது எழுதாமல் விடுவதுதான் சந்தேகத்தை வளர்க்கிறது.

தேக்கா சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது தெரிந்தவர்கள் யாராவது, புழு இல்லையே, இது ஜிஎம் கத்தரியோ என்று கேட்பது வழக்கம். மலேசியாவிலும் இந்தியாவிலும் மரபணு மாற்றிய கத்தரியை விளைவிக்க அனுமதி இல்லை. அங்கிருந்து வரும் காயில் புழு இல்லையென்றால் வலை போட்டிருப்பார்கள், அல்லது மருந்து அடித்திருப்பார்கள், அல்லது சொத்தையைக் கழித்துவிட்டு அனுப்பியிருப்பார்கள். பயப்பட வேண்டியது அந்த மருந்துக்குத்தான். ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, காம்புப் பக்கத்து மூடியை வெட்டிவிட்டுச் சமையுங்கள்.

கத்தரியைப் பற்றி எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. பிடி கத்தரியை மகாராஷ்டிரத்து விதை நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் உருவாக்கியது. கோ 2, எம்டியு 1, கேகேஎம் 1, பிஎல்ஆர் 1 என்று நம் ஊர் ரகங்களிலேயே மரபணுவை ஏற்றினார்கள். விவசாயியே விதை எடுத்து அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடிய ரகங்கள் அவை. 2009 அக்டோபரில் நிபுணர் குழு ஒப்புதல் தந்தது. 2010 பிப்ரவரி 9 அன்று அப்போதைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். கத்தரியின் காட்டு உறவுகள் நம் நாட்டில் இருக்கின்றன, மரபணு அங்கே பரவுமா என்ற கேள்வி நியாயமானது. அதை வருடக்கணக்கில் ஆராய்ந்து பதில் சொல்லியிருக்கலாம், கிடப்பில் போட்டிருக்கத் தேவையில்லை. வங்காளதேசம் 2013 அக்டோபரில் அதே மரபணுவைத் தன் நான்கு ரகங்களில் அனுமதித்து, 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்று கொடுத்தது. பிறகு பல ஆயிரம் பேர் அதைப் பயிரிட்டார்கள். நம் விவசாயி இன்னும் மருந்துக் கேனைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறார்.

எங்கள் தோட்டத்தில் கத்தரிக்கு வெட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. நுனித்தளிர் ஒன்று மட்டும் வாடித் தலை குனிந்தால் தண்ணீர் பற்றாக்குறை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. வாடிய இடத்துக்குக் கீழே ஓர் அங்குலம் விட்டு நறுக்கி, தண்டைப் பிளந்து பார்த்தால் வெளிறிய இளஞ்சிவப்பில் புழு இருக்கும். நறுக்கியதைப் பாத்தி ஓரம் போட்டால் அது வெளியே வந்துவிடும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் குப்பையில் சேர்ப்போம். ஒருவர் பாத்தியில் மட்டும் செய்து பயனில்லை, எல்லாப் பாத்தியிலும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டும். மலாய் மக்சிக், சீன அங்கிள், மூன்றாவது மாடி அக்கா என்று எல்லோரையும் இதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் நிஜமான வேலை.

சரி, பருத்திக்கு வருகிறேன். இந்தியாவில் பிடி பருத்திக்கு 2002 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னால் பச்சைக் காய்ப்புழு எங்கள் பக்கத்தை என்ன பாடுபடுத்தியது என்று சித்தப்பா இன்றும் சொல்வார். மருந்துக்கு வாங்கிய கடனே விளைச்சலைத் தின்றுவிடும். பிடி விதை வந்த பிறகு அந்தப் புழு அடங்கியது, அதில் சந்தேகமே இல்லை. 2006-ல் இரண்டு மரபணு வைத்த விதையும் வந்தது. இன்றும் பச்சைக் காய்ப்புழுவை அது பெருமளவு கட்டுப்படுத்துகிறது.

ஒரு தை மாதம் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டுக் காட்டினான். “அக்கா, பிடி விதைதானே போட்டேன். அப்புறம் இது என்ன?” கையில் பிளந்த காய். உள்ளே பஞ்சு பழுப்பேறி ஒட்டிக் கிடந்தது, நடுவில் இளஞ்சிவப்புப் புழு. செடியில் இருக்கும் பூக்களைக் காட்டச் சொன்னேன். சில பூ விரியாமல், இதழ்களை நூலால் தைத்தது போல ரோஜா மொட்டாக நின்றது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு உள்ளே இருந்து இதழைக் கட்டி வைக்கும் அடையாளம் அது. “விதைக்காரன் ஏமாத்திட்டான்” என்றான். விதை போலி இல்லை தம்பி, புழு மாறிவிட்டது என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது.

குஜராத்தில் 2008-09 வாக்கிலேயே இந்தப் புழு முதல் மரபணுவுக்குத் தாக்குப்பிடிக்க ஆரம்பித்தது, 2014-15-க்குள் இரண்டு மரபணுவையும் தாண்டிவிட்டது. காரணம் ஒன்று அல்ல. புழுக் கூட்டத்தில் எங்கோ ஒன்றிரண்டு பிறவியிலேயே அந்தப் புரதத்தைத் தாங்கும். வயல் முழுக்கப் பிடியாக இருந்தால் பிழைப்பவை அவை மட்டும்தான். அவை தங்களுக்குள்ளேயே இணை சேர்ந்தால் அடுத்த தலைமுறை முழுக்கத் தாங்கும் புழு. பக்கத்தில் கொஞ்சம் சாதாரணப் பருத்தி இருந்தால், அதில் வளர்ந்த சாதா அந்துப்பூச்சிகள் ஏராளமாக வந்து இவற்றோடு இணை சேரும். பிறக்கும் கலப்புக் குஞ்சுகளைப் பிடி செடி கொன்றுவிடும். இதற்காகத்தான் 450 கிராம் பிடி விதையோடு 120 கிராம் சாதா விதையைத் தனிப் பொட்டலமாகக் கொடுத்தார்கள். வயலைச் சுற்றி அதை அடைக்கலப் பயிராக விதைக்க வேண்டும். பெரும்பாலோர் விதைக்கவில்லை. ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர், புழு தின்னட்டும் என்று தன் நிலத்தில் ஒரு பங்கை விடுவாரா? ஏன் விட வேண்டும் என்று அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யாராவது விளக்கினார்களா? துண்டுச் சீட்டு மட்டும்தான் வந்தது. நான் விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, நம் நாட்டில் விற்பவை பெரும்பாலும் கலப்பின விதைகள். அவற்றில் பிடி மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டுமே வருவதால், காய்க்குள் உள்ள விதைகளில் சிலவற்றில் மரபணு இருக்கும், சிலவற்றில் இருக்காது. இளஞ்சிவப்புப் புழுவின் சாப்பாடே விதைதான். அரைகுறையாக நஞ்சைச் சந்தித்துப் பிழைக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை. மேலும் கலப்பினங்களை நீண்ட நாள் வயலில் நிற்க விடுகிறோம். வயதான செடியில் புரதம் குறைந்திருக்கும் நேரத்தில்தான் இந்தப் புழு பெருகும்.

இதே புழுவை அமெரிக்கா 2018-ல் தன் பருத்தி நிலங்களிலிருந்து முழுக்க ஒழித்ததாக அறிவித்தது. அங்கேயும் பிடி பருத்திதான். அரிசோனாவில் தொடக்க வருடங்களில் அடைக்கலப் பயிரைக் கண்டிப்பாக வைத்தார்கள். 2006-லிருந்து மலட்டு அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து தூவினார்கள், அறுவடைக்குப் பிறகு செடியை உழுது அழித்தார்கள், எல்லா விவசாயிகளும் ஒரே நேரத்தில் சேர்ந்து செய்தார்கள். மரபணு ஒன்றுதான், நடத்திய விதம் வேறு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

தம்பிக்கு நான் சொன்னதும், அவன் கேட்டு நடப்பதும் இவை. குறைந்த நாளில் முடியும் ரகமாக வாங்கி, அக்கம்பக்கத்தாரோடு ஒரே சமயத்தில் விதைக்கிறான். பூக்கும் பருவத்தில், பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் அந்துப்பூச்சியை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறான். ஒரு பொறியில் தினம் எட்டு அந்துப்பூச்சி வீதம் மூன்று இரவு விடாமல் விழுந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிப்பது. வாரம் ஒருமுறை வயலின் பல இடத்திலிருந்து 20 பச்சைக் காய் பறித்து அறுத்துப் பார்க்கிறான். இரண்டில் புழு இருந்தால் எச்சரிக்கை. வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது, புழு நுழைந்த ஓட்டை மூடிக்கொள்ளும். அசுவினியும் தத்துப்பூச்சியும் வந்த உடனே பயத்தில் கலவை மருந்து அடிப்பதை நிறுத்திவிட்டான். கண்ட மருந்தை அடித்து நன்மை செய்யும் பூச்சிகளைக் கொன்றால் வெள்ளை ஈ தலையெடுக்கும். பஞ்சாபில் 2015-ல் வெள்ளை ஈ பருத்தியை எப்படி அழித்தது என்பதை நாம் பார்த்தோம்.

கஷ்டமானது கடைசிப் பறிப்புக்குப் பிறகுதான். விலை கொஞ்சம் ஏறினால் இன்னொரு பறிப்பு எடுக்கலாம் என்று செடியை நிறுத்தி வைக்கத் தோன்றும். அந்தக் கடைசிக் காய்களில்தான் புழு அடுத்த பருவத்துக்காகத் தூங்கப் போகிறது. இப்போது பறிப்பு முடிந்ததும் ஆட்டை மேய விட்டு, மீதிக் காயைத் தின்ன வைத்து, மாரை, அதாவது பறிப்பு முடிந்த பருத்திச் செடியை, பிடுங்கிவிடுகிறான். பருத்தி மாரை அடுப்புக்கு வீட்டோரம் அடுக்கி வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அதற்குள்ளும் புழு ஒளிந்திருக்கும். ஆறு மாதம் அடுக்கி வைக்காமல் சீக்கிரம் எரித்துவிடச் சொன்னேன். சித்தி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, மழைக்காலத்துக்கு விறகு வேண்டாமா என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். கருவேல விறகு வாங்கிப் போட்டுக் கொடுத்த பிறகு சம்மதித்தார்.

போன பருவத்தில் பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலைந்து பேர் அவனோடு சேர்ந்து மாரைப் பிடுங்கினார்கள். இந்தப் பருவம் பொறியில் அந்துப்பூச்சி குறைவாக விழுந்தது என்கிறான். ஒரு பருவத்தை வைத்து நான் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன், மழையும் காரணமாக இருக்கலாம். காய் அறுத்துப் பார்ப்பதை நிறுத்தாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். சேராத நிலத்துக்காரர் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் பேச வரும் பொங்கலுக்கு நானும் ஊருக்குப் போகிறேன்.